பத்து அட்டையில் ஒளிய இடமில்லை

புனே, கேம்ப்
9 மார்ச் 2025

வால்டர்,

ஸ்தோத்திரம், நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் அந்த மாலுமிகள் மிஷன் பாதிரியார் முடித்திருப்பார். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ இருக்கிற இடத்தில் போன் எடுக்காது, படகு மூன்று வாரத்துக்கு ஒரு தரம்தான் வரும் என்று அவர் மெயில் போட்டிருந்தார். நான் எழுதுவதைப் படம் பிடித்து அனுப்பினால் அச்செடுத்துக் கொண்டுவந்து தருவாராம். நீ எழுதுவதையும் அப்படியே எனக்கு அனுப்புவாராம். நல்ல மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது இன்னும் நல்லது. என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

உன் கப்பல் முதலாளி போனை எடுப்பதில்லை, கப்பலைக் கோர்ட் பிடித்து வைத்திருக்கிறது, மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு உங்கள் மூன்று பேரை மட்டும் நிறுத்தியிருக்கிறது. இதுவரை சரியாகப் புரிந்துகொண்டேனா? "பொழுது போக ஏதாவது அனுப்பு" என்று கேட்டாயாம். பார்சல் வர நாளாகும். அதுவரை நீயே செய்துகொள்.

என் கடையில் அதிகம் போகிற ஆட்டம் இதுதான். நானே யோசித்தது, பெயர் "எறும்பும் யானையும்". பத்து அட்டை வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை எழுதிக்கொள். ஒன்று எறும்பு, பத்து யானை. பெரிய எண் சின்ன எண்ணை வெல்லும். யானையை மட்டும் எறும்பு வெல்லும், காதுக்குள் போய்விடும் என்று வைத்துக்கொள். ஆளுக்கு மூன்று அட்டை, மிச்சம் ஒன்றை யாரும் பார்க்காமல் நடுவில் கவிழ்த்து வை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றை இறக்க வேண்டும். வென்றவன் ஆட்டத்தை விட்டு எழுந்துவிடுவான், எழும்போது தன் மிச்ச அட்டைகளைத் திறந்து வைக்க வேண்டும். மற்ற இருவரும் இன்னொரு தரம் இறக்க வேண்டும். அதில் வென்றவனும் திறந்து வைத்துவிட்டு எழுவான். கடைசியில் உட்கார்ந்திருப்பவன் தோற்றவன். தோற்றவன் மட்டும் கையைக் காட்ட வேண்டியதில்லை, அப்படியே கலைத்துவிடலாம். அந்த விதியை நான் வேண்டுமென்றே வைத்தேன். தோற்றது போதாதென்று எப்படித் தோற்றேன் என்று வேறு ஊருக்குக் காட்டச் சொன்னால் எவனும் இரண்டாவது டப்பா வாங்க மாட்டான்.

ஐந்து நிமிடத்தில் முடியும். டப்பா சட்டைப் பையில் போகும். கராடியிலிருந்தும் ஹிஞ்சவாடியிலிருந்தும் வருகிற, ஐ.டி. வேலை பார்க்கிற சென்னைப் பிள்ளைகள் முதலில் கேட்பதே "அக்கா, சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" என்பதுதான். ஆட்டம் நன்றாக இருக்குமா என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். தினமும் விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து ஆட்டோவில் கடைக்குக் கூட்டி வருகிறேன். கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி. தனியாக விட முடியாது.

நீ கடைசியாக ஏறும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. "இந்த ஒரு காண்ட்ராக்ட், அப்புறம் அப்பாவை நான் பாத்துக்கிடுதேன், நீ பெங்களூரு போ" என்றாய். முரளி என் ஆட்டங்களைப் பெரிதாக அச்சடித்து நாடு முழுக்க விற்கத் தயார். ஒரே நிபந்தனை, ஒரு வருடம் நான் பெங்களூரில் அவன் பட்டறையில் நிற்க வேண்டும். ஜூன் முடிவு வரை பார்ப்பானாம். சீக்கிரம் வந்து சேர்.

கிருபா

---

கப்பலில் இருந்து
2 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடி விழப்போகிறது என்றுதான் முதலில் தோன்றியது. பழக்கம்.

சொன்னபடி செய்தேன். டீத்தூள் பெட்டியைக் கிழித்துப் பத்து அட்டை. இங்கே இருப்பது நான், சமையல்காரர் ரவிசந்திரன் அண்ணன், இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற சபரி. ரவி அண்ணன் காரைக்கால், சபரி தூத்துக்குடி. ஜெனரேட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் ஓடும், டீசல் கிடையாது. அந்த நேரத்தில் தண்ணீர் ஏற்றி, சோறு ஆக்கி, மிச்ச வெளிச்சத்தில் ஆடுகிறோம். பகலில் மேல் தளத்தில் நிழல் இருக்கிற பக்கமாக நகர்ந்து நகர்ந்து ஆடுகிறோம்.

உன் ஆட்டம் நல்ல ஆட்டம்தான், அக்கா. முதல் வாரம் நாங்கள் சிரித்தோம். சபரி யானையை இறக்கும்போதெல்லாம் பிளிறுவான். ரவி அண்ணன் எறும்பை வைத்துக்கொண்டு முகத்தைப் பாவம் மாதிரி வைத்துக்கொள்வார். "அண்ணே, உங்க மூஞ்சே எறும்பு மாதிரி இருக்கு" என்றால் கோபம் வரும். அந்த ஐந்து நிமிடமும் நங்கூரம் கிடையாது, கோர்ட் கிடையாது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அது முடிந்துவிடுகிறதே. முடிந்ததும் கப்பல் திரும்ப வந்துவிடுகிறது. தலையைத் தூக்கினால் அதே துருப்பிடித்த கிரேன், அதே தண்ணீர். ஒரு நாளைக்கு எத்தனை ஐந்து நிமிடம் என்று உனக்குத் தெரியுமா? நேரமில்லாதவர்களுக்காக நீ செய்த சாமான் இது. எங்களிடம் நேரத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

இன்னொரு தொல்லை. டீப்பெட்டியில் ஒவ்வொரு துண்டிலும் பின்பக்கம் ஒவ்வொரு மாதிரி அச்சு. எறும்புக்குப் பின்னால் பாதி இலை, யானைக்குப் பின்னால் கம்பெனிக்காரன் முகவரி. இரண்டாவது வாரத்திலேயே மூவருக்கும் எல்லாம் பாடம். ஒருத்தரும் சொல்லிக்கொள்ளவில்லை. தெரியாதது போலவே ஆடினோம். போன ஞாயிற்றுக்கிழமை சபரி அட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டான். "எல்லாரும் எல்லாருக்கதையும் பாத்துட்டுதான ஆடுதோம், பொறவு என்ன மயித்துக்கு ஆட்டம்?" என்றான். ரவி அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தார். நான்தான் விலக்கினேன். இரண்டு நாள் யாரும் யாருடனும் பேசவில்லை. மூன்று பேர் இருக்கிற இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

நீளமான ஆட்டம் ஏதாவது இருந்தால் அனுப்பு. ஒரு வாரம் ஓடுகிற மாதிரி.

அப்பா என்னைக் கேட்கிறாரா?

உன் தம்பி
வால்டர்

---

புனே, கேம்ப்
20 ஏப்ரல்

வால்டர்,

அச்சடித்த டப்பா ஒன்றைக் கூரியரில் மிஷனுக்கு அனுப்பிவிட்டேன். பின்பக்கம் பத்தும் ஒரே மாதிரி, சுத்தமான நீலம். தலைகீழாகப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

நீள ஆட்டம் அனுப்ப மாட்டேன். என்னிடம் இல்லை என்பது ஒரு காரணம். இருந்தாலும் அனுப்ப மாட்டேன். ஒரு வாரம் ஓடுகிற ஆட்டத்தில் முதல் நாளே ஒருத்தன் பின்தங்கிவிடுவான், அப்புறம் ஆறு நாள் தோல்வியை மடியில் கட்டிக்கொண்டு உங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் கத்தியை எடுத்துவிடுவான். சின்ன ஆட்டத்தில் தோற்றவனுக்கு அடுத்தது உடனே இருக்கிறது. என் சரக்கு அதுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பெரிய ஆட்டம் மாதிரி அது உன்னை எங்கேயும் கூட்டிப் போகாது. நான் நடைபாதையில் கிறிஸ்துமஸ் ஸ்டார் விற்று ஆரம்பித்தவள். சரக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துதான் விற்கிறேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். இப்போதெல்லாம் நானும் அவரும் அதே ஆட்டம்தான். கடையில் ஆளில்லாத நேரமெல்லாம். நம் வீட்டில் சீட்டுக்கட்டு நுழைந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், ஒரு தரம் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டாரே. அதனால்தான் நான் இதை அட்டை என்றே சொல்லி, எறும்பு, தவளை, ஆடு, யானை என்று படம் போட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கேட்கிறார்.

"ஏட்டி, இது சீட்டாட்டம் இல்லல்லா?"

"இல்லப்பா, எறும்பும் யானையும்."

"புதுசா?"

"புதுசுதான்."

ஐந்து நிமிடம் அவர் மனது நிற்கிறது. அதற்குள் ஆட்டம் முடிகிறது. அதைவிட ஒரு நிமிடம் நீளமான எதையும் அவரால் பிடித்துக்கொள்ள முடியாது. முடிந்ததும் அட்டையை மேஜையில் தட்டி அடுக்கிவிட்டு, "உங்கம்மை சர்ச்சுலேருந்து வந்துட்டாளா?" என்பார். அம்மா இறந்ததை நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் கேட்பவர் மாதிரி அழுதார். அதிலிருந்து சொல்வதில்லை. அவர் வாயைத் திறக்குமுன் நான் அட்டையைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன். "இது சீட்டாட்டம் இல்லல்லா?" இப்படியே சாயங்காலம் வரை. பக்கத்து ஸ்டேஷனரி கடைத் தேஜஸ்வினி, "காகா லக்கி ஹை, பெரியவர் கொடுத்துவச்சவர், தினமும் பொண்ணோட விளையாட்டு" என்கிறாள். அவளை வந்து உட்காரச் சொல்ல வேண்டும்.

நீ தலையைத் தூக்கினால் கிரேன். நான் தலையைத் தூக்கினால் அம்மா.

உன்னை அவர் கேட்கவில்லை. கேட்கிறார் என்று பொய் எழுதலாம், எனக்கு அது வராது.

ஜெரால்டின் போன வாரம் கடைக்கு வந்திருந்தாள். நம் சர்ச் ஜெரால்டின், சிஸ்டர்கள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாளே, அவள்தான். அங்கே ஒரு கட்டில் காலியாம், அப்பாவுக்குத் தருகிறேன் என்றாள். அது சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். முரளியிடம் தம்பி வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன். ஜூன் வரை நேரம் இருக்கிறது.

கிருபா

---

கப்பலில் இருந்து
25 மே

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பா வந்தது. நீலம் அழகாக இருக்கிறது. சபரி முகர்ந்து பார்த்தான், "புது நோட்டு வாசம்" என்றான்.

நல்ல செய்தி பாதி. கோர்ட் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டது. கப்பலை ஏலம் விடும் வரை ஒருத்தர் காவலுக்கு இருக்க வேண்டும். ஆளில்லாத கப்பலை நங்கூரத்தில் விட முடியாதாம். யார் என்பதை நாங்களே சொல்லலாம் என்று ஏஜென்ட் ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனான். மறுநாள் ஆளை ஏற்ற அவன் படகு திரும்ப வரும்போது கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

எனக்கு வயசாச்சு என்று ரவி அண்ணன் சொல்லலாம். எனக்கு இதுதான் முதல் கப்பல் என்று சபரி சொல்லலாம். அப்பாவுக்கு முடியவில்லை என்று நானும் சொல்லலாம். ஒருத்தரும் சொல்லவில்லை. கடைசியில் சபரிதான் டப்பாவை எடுத்து நடுவில் வைத்தான். "இதுலயே முடிச்சிருவோம். ஒரே ஆட்டம். யாரும் பொறவு பேசக்கூடாது" என்றான். ரவி அண்ணன் தலையாட்டினார். நானும்.

நீ கேட்பாய் என்று அப்படியே எழுதுகிறேன். முதல் இறக்கத்தில் சபரி ஒன்பது, ரவி அண்ணன் நாலு, நான் இரண்டு. சபரி ஜெயித்தான். மிச்சம் இரண்டைத் திறந்து வைத்தான், மூன்றும் ஆறும். எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். பிளிறவில்லை. இரண்டாவது இறக்கத்தில் ரவி அண்ணன் ஏழு, நான் ஐந்து. முடிந்தது. ரவி அண்ணன் தன் கடைசி அட்டையைத் திறந்தார், யானை! எறும்புக்குப் பயந்து யானையைப் பிடித்து வைத்திருக்கிறார் மனிதர். சபரி திரும்பி வந்து நடுவில் இருந்ததைப் புரட்டினான். எறும்பு அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது. ரவி அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் மறுநாள் படகில் போய்விட்டார்கள்.

அதிர்ஷ்டம் இல்லை, அக்கா. வேறென்ன சொல்ல. ஏலம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. முரளியிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல். ரவி அண்ணனுக்கு மூத்த பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள், அவர் போனது ஒரு விதத்தில் நல்லதுதான்.

டப்பாவை எனக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

வால்டர்

---

புனே, விஷ்ராந்த்வாடி
3 ஜூன்

வால்டர்,

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். முதல் தரம் அழுகை வந்தது. இரண்டாவது தரம் படிக்கும்போது அழுகை நின்றுவிட்டது. அப்பா எதிரில் இருந்தார், அட்டையும் மேஜையிலேயே இருந்தது. நீ எழுதினதை அப்படியே பரப்பினேன்.

சபரியிடம் ஒன்பது, மூன்று, ஆறு. ரவிசந்திரனிடம் நாலு, ஏழு, யானை. நடுவில் எறும்பு. நீ இறக்கியது இரண்டும் ஐந்தும். என் கையில் மிச்சம் நின்றது ஒரே அட்டை.

எட்டு.

முதலில் இரண்டைப் போட்டதை விட்டுவிடுகிறேன். சின்னதை முதலில் கழிக்கிற ஆட்கள் உண்டு. ஆனால் ரவிசந்திரனும் நீயும் எதிரெதிரே உட்கார்ந்தபோது உன் கையில் ஐந்தும் எட்டும் இருந்தன. ஒன்பது போய்விட்டது. எட்டை வெல்ல அந்த மேஜையில் யானை ஒன்றால்தான் முடியும். யானை வந்தால் ஐந்தும் தோற்கும். ஐந்து ஜெயிக்கிற இடத்தில் எட்டும் ஜெயிக்கும். ஏழு வந்தால் ஐந்து தோற்கும், எட்டு ஜெயிக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு மாதம் இராப்பகலாக ஆடினவன் நீ. என் கடைக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகூட எட்டை விட்டு ஐந்தை இறக்காது.

தோற்றவன் கையைக் காட்ட வேண்டாம் என்று நான் போட்ட விதிக்குப் பின்னால் நீ போய் உட்கார்ந்துகொண்டாய். அவர்கள் இருவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போகிறவன் எதை எண்ணுவான்? ஆனால் நீ அதை என்னிடம் எழுதினாயே. பெரிய ஆட்டமாக இருந்தால் மூடி மறைத்திருக்கலாம், நூறு சமாதானம் சொல்லலாம். பத்து அட்டையில் ஒளிய இடமில்லை, தம்பி.

ரவிசந்திரன் மகள் கல்யாணத்தை என் தலையில் கட்டாதே. கொடுக்கிறவன் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுப்பான். நீ அப்படிச் சொல்லியிருந்தால் சபரி ஒத்துக்கொண்டிருப்பான், ரவிசந்திரன் காலில் விழுந்திருப்பார், நானும் திட்டிவிட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டிருப்பேன். நீ தோற்ற மாதிரி நடித்தாய். அவர்களுக்காக நடிக்கவில்லை. எனக்காக நடித்தாய். நான் "ஐயோ பாவம் வால்டர், வரத்தான் பார்த்தான், முடியவில்லை" என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் இந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கடலில் கிடக்கிற துருப்பிடித்த இரும்பு உனக்கு நம் வீட்டைவிட மேல் என்றால் அதை நேரே எழுது. நான் தாங்குவேன்.

இதை எழுதும்போது அப்பா பக்கத்தில் நின்று "யாருக்குட்டி எழுதுத?" என்கிறார். "வால்டருக்கு" என்றேன். "நல்ல பேரு" என்றார்.

கிருபா

---

கப்பலில் இருந்து
29 ஜூன்

அக்கா,

எட்டுதான்.

போன முறை பாதிரியார் உன் கடிதத்தைத் தந்துவிட்டுப் பதிலுக்காகக் கை நீட்டினபோது ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் எழுதிக் கிழித்தது அவ்வளவு. இந்த முறை எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவது என்று இருக்கிறேன்.

உட்காரும்போது தோற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. நம்பு, நம்பாமல் போ. இரண்டை இறக்கும்போதுகூட இல்லை. சபரி எழுந்து போய் முதுகைக் காட்டி நின்றானே, அப்போது எனக்கு விமானம், புனே, ஆட்டோ, வாசல் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. போன லீவில் நடந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ கடைக்குப் போயிருந்தாய். அப்பா என்னைப் பார்த்து, "தம்பி, மீட்டர் எவ்வளவு ஆச்சு?" என்றார். ஆட்டோக்காரன் என்று நினைத்துவிட்டார். நான் வால்டர் என்றேன். "வால்டர் கப்பல்ல இருக்கான்" என்றார், ரொம்பப் பெருமையாக. அன்று முழுக்க என்னை வெளியே போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்.

கப்பலில் இருக்கிற வரை அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், அக்கா. நான் வந்துவிட்டால் அதுவும் இல்லை.

இங்கே அடைபட்டால் கோர்ட்டைத் திட்டலாம், முதலாளியைத் திட்டலாம். அங்கே வந்து அடைபட்டால் நானே நடந்து வந்து உட்கார்ந்தது. அதுதான் காரணம். தியாகம் ஒன்றும் இல்லை. நீ எழுதினது எல்லாம் சரி.

ஆனால் எனக்கும் எண்ணத் தெரியும். இங்கே எனக்கு வேறு வேலை இல்லை. உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினேன், நீ என் ஆட்டத்தைப் பரப்பின மாதிரி. முரளி கூப்பிடுகிறான். வால்டர் வருவான். ஏப்ரலில் எழுதினதில் ஒரு வரியில் ஜெரால்டின் வந்து கட்டில் தருகிறாள். "அது சரிப்படாது." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். கூரியர் டப்பா நீலம் என்பதற்கு மூன்று வரி எழுதுகிற நீ, அதற்கு ஒரு காரணம்கூட எழுதவில்லை.

கட்டில் இருப்பது தெரிந்த இடம், தெரிந்த ஆள், கடையிலிருந்து நடக்கிற தூரம். நானோ ஒவ்வொரு காண்ட்ராக்டையும் கடைசி என்று சொல்லி ஏறினவன். எவனிடமும் ஏமாறாத வியாபாரி நீ, அந்தக் கட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அட்டை மாதிரி என்னை இறக்கினாய். நான் தோற்பேன் என்று உனக்குத் தெரியும். உன் கையிலும் எட்டு இருந்தது. ஏன் பிடித்து வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

தனியாக ஆடுகிற ஆட்டம் உன் கடையில் உண்டா? மூன்று பங்காகப் போட்டு மூன்று பேருக்கும் நானே ஆடிப் பார்த்தேன். ரவி அண்ணன் பங்கைக் கையில் எடுக்கும்போது முகத்தைப் பாவம் மாதிரி வைத்துக்கொண்டேன். அப்புறம் டப்பாவை மூடிவிட்டேன்.

வால்டர்

---

புனே, கேம்ப்
20 ஜூலை

வால்டர்,

மழை விடாமல் பெய்கிறது. கடையில் ஆளில்லை. அப்பாவின் நாற்காலியும் காலி. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

உன் கடிதம் வந்து நாலு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். செலவு ஆகும் என்று சொல்லலாமா, ஊர் பேசும் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. என்னிடமே விற்க முடியாத சரக்கை உன்னிடம் எப்படி விற்பது?

ஐந்தாம் நாள் ஜெரால்டினுக்குப் போன் செய்தேன். "ஒரே ஒரு நாள் கொண்டுவந்து விட்டுப் பாரேன், பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போ" என்றாள். காலையில் ஆட்டோவில் கூட்டிப்போனேன். வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஆஸ்பத்திரியா?" என்றார். இல்லையென்றேன். உள்ளே ஒரு மேஜையில் வைஷாலி என்று ஒரு மராத்திக்கார அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பா வயதுதான், அவருக்கும் அப்பா மாதிரியேதான். என் பையில் இருந்த டப்பாவை மேஜையில் வைத்தேன். நானே ஒரு ஆட்டம் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, அவர் அந்த அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். தமிழில்! அந்த அம்மா மராத்தியில் பதில் சொல்கிறார். "ஹீ முங்கி கா?" என்று எறும்பைக் காட்டிக் கேட்கிறார், இவர் "ஆமா, இது சின்னது, ஆனா விட்டுராதீங்க" என்கிறார்.

நான் கடைக்கு வந்துவிட்டேன். அன்று எனக்கு ஒரு வியாபாரமும் ஓடவில்லை. என்னைக் காணோம் என்று கத்துவார், ஜெரால்டின் போன் செய்வாள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. சாயங்காலம் போனேன். இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு?"

"நான்தான்ப்பா, கிருபா."

"கொஞ்சம் இருங்கம்மா. இந்த ஆட்டம் முடியட்டும்."

நம் அம்மாவைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. ஜெரால்டினிடம் விசாரித்தேன், நாள் முழுக்க ஒரு தரம்கூடக் கேட்கவில்லையாம்.

இதுதான் வால்டர் நான் பிடித்து வைத்திருந்தது. என்னால்தான் அவர் பிழைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். நான் கதவைத் திறந்தால் அவர் என்னைத் தேட மாட்டார் என்று எங்கேயோ தெரிந்திருக்கிறது. தேட மாட்டார் என்பதைக் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியமில்லை. உனக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் ஊரும் நம்பியது, நானும் நம்பினேன். நீ ஆட்டோக்காரன் ஆனதற்குக் கப்பலில் ஒளிந்தாய். நான் யாரோ ஒரு அம்மா ஆகிவிடாமல் இருக்கக் கடையில் ஒளிந்தேன்.

போன வாரத்திலிருந்து அவர் அங்கேதான் தங்குகிறார்.

முரளிக்குப் போன் செய்தேன். ஜூன் முடிந்து இவ்வளவு நாளாகிவிட்டதே என்றேன். "வருவீங்கன்னு தெரியும்க்கா, வேற யாரையும் பாக்கல" என்றான். வியாபாரி சொல்கிற தேதியில் பாதிதான் நிஜம், எனக்குத் தெரியாதா. திங்கட்கிழமை கிளம்புகிறேன். கடைச் சாவி தேஜஸ்வினியிடம் இருக்கிறது. வீட்டுச் சாவி ஜெரால்டினிடம்.

பெங்களூரில் முதல் வேலையாக விதித்தாளை மாற்றி அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். கடைசியில் எல்லோரும் கையைத் திறந்து வைக்க வேண்டும், தோற்றவனும்தான். விற்பனை குறையும் என்று முரளி முனகுகிறான். குறைந்தால் குறையட்டும்.

தனியாக ஆடுகிற ஆட்டம் என்னிடம் இல்லை. பத்து அட்டையில் அது முடியாது. எந்த அட்டை எங்கே என்று தெரிந்தவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. டப்பாவை மூடி வைத்தது சரி, ஆனால் தூக்கிப் போட்டுவிடாதே.

கப்பலை எப்போது விற்பார்களோ, அன்றைக்கு வா. என் இடத்தில் உட்கார வேண்டாம், அந்த இடமே இப்போது கிடையாது. வந்ததும் இல்லத்துக்குப் போ. அவர் யார் என்று கேட்பார். வால்டர் என்று சொல்லாதே, அவன் கப்பலிலேயே இருக்கட்டும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட வந்திருக்கிறேன் என்று சொல். சீட்டாட்டம் இல்லையே என்று கேட்பார், இல்லை என்று சொல். நகர்ந்து இடம் கொடுப்பார்.

கிருபா